துளியின் உருண்டையும் படிகத்தின் முகங்களும்: பரப்பு வடிவங்களின் உறுதிநிலை

சேம்பிலையின் மேல் உருளும் சிறு நீர்த்துளி ஏறக்குறைய உருண்டையாக இருக்கிறது. உப்பளத்தில் விளையும் உப்பு மணியோ தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உடைய கனசதுரமாக இருக்கிறது. தோற்றத்தில் இவை இரண்டும் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் இவற்றின் வடிவை ஆராயப் புகும் விஞ்ஞானி இரண்டிடத்தும் ஒரே வினாவைத்தான் முதலில் எழுப்புகிறார்: குறிப்பிட்ட கன அளவுள்ள ஒரு பொருள் தன் பரப்பில் அடங்கிய சக்தி மிகக் குறைவாக இருக்கும்படி எவ்வடிவை மேற்கொள்ளும்?

இவ்வினாவுக்கு அடுத்தாற்போல் மற்றொரு வினாவும் எழுகிறது. ஒரு வடிவம் சமநிலையில் இருப்பதனால் மட்டும் அது நிலைத்து நிற்குமா? சிறிது அசைத்தால் பழைய வடிவுக்கு மீளுமா, அல்லது சிதைந்து வேறு வடிவாக மாறிவிடுமா? பரப்புகளின் வளைவை ஆராயும் கணிதப் பிரிவாகிய வகையீட்டு வடிவகணிதம் இவ்விரண்டாம் வினாவுக்குத் திட்டமான விடை கண்டுள்ளது. அவ்விடையின் பொருளையும், அதனை எவ்வாறு அடைந்தனர் என்பதையும், அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பரப்புச் சக்தி என்பது யாது?

திரவத்தின் உட்பகுதியிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் எல்லாப் பக்கங்களிலும் தன் அண்டை மூலக்கூறுகளால் சூழப்பட்டிருக்கிறது. பரப்பிலுள்ள மூலக்கூறுக்கோ ஒரு பக்கத்தில் துணை இல்லை. ஆகவே புதிய பரப்பு ஒன்றை உண்டாக்க வேண்டுமானால் அதற்கெனச் சக்தி செலவிடப்பட வேண்டும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1 சதுர மீட்டர் நீர்ப்பரப்பை உண்டாக்கச் சுமார் 0.072 ஜூல் சக்தி தேவைப்படுகிறது.

நீரின் பரப்பு எத்திசையை நோக்கியிருந்தாலும் இவ்வளவு மாறுவதில்லை. எனவே நீர்த்துளியைப் பொறுத்தவரை சக்தியைக் குறைப்பதும் பரப்பளவைக் குறைப்பதும் ஒன்றே. சம அளவான இரண்டு துளிகள் ஒன்று சேர்ந்தால் மொத்தப் பரப்பளவு சுமார் 21 சதவீதம் குறைகிறது. துளிகள் ஒன்றையொன்று தொட்டவுடன் கலந்துவிடுவதற்கு இதுவே காரணம். கொடுத்த கன அளவுக்கு மிகக் குறைந்த பரப்பளவு உடையது கோளமே என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் ஷ்வார்ஸ் 1884இல் முறையாக நிறுவினார்.

பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ இதனைப் பரிசோதனையால் காட்டினார். நீரையும் சாராயத்தையும் தக்க அளவில் கலந்து, ஆலிவ் எண்ணெயின் அடர்த்திக்குச் சமமான அடர்த்தியுள்ள கலவையை அவர் தயாரித்தார். அதனுள் விட்ட எண்ணெய் மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை. புவியீர்ப்பின் விளைவு நீங்கியமையால் கோளமாகத் திரண்டு நின்றது. கண்பார்வையை இழந்த பின்னரும் பிளாட்டோ பிறர் துணையோடு இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து, 1873இல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். இப்பரிசோதனையைப் பள்ளிகளிலும் சமையல் எண்ணெயைக் கொண்டு செய்து காட்டலாம். சாராயம் எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் அருகில் சுடர் இருத்தல் கூடாது.

சமநிலை வேறு, உறுதி வேறு

கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக் குண்டும், கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைக்கப்பட்ட கோலிக் குண்டும் சமநிலையில்தான் உள்ளன. முன்னது தள்ளப்பட்டால் திரும்பி வரும். பின்னது தள்ளப்பட்டால் உருண்டோடிவிடும். முன்னதை உறுதிச் சமநிலை என்றும், பின்னதை உறுதியற்ற சமநிலை என்றும் கூறுகிறோம். பரப்புகளுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

பரப்பு ஒன்று சமநிலையில் இருப்பதற்கு, அதன் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லாப் புள்ளிகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வளைவு மிகுந்த இடத்தில் அழுத்த வேறுபாடும் மிகும். ஒரு புள்ளியில் பரப்பு மிக அதிகமாக வளையும் திசையிலும், மிகக் குறைவாக வளையும் திசையிலும் வளைவுகளை அளந்து, அவற்றின் சராசரியை எடுத்தால் அது சராசரி வளைவு எனப்படும். ஆகவே சமநிலையின் நிபந்தனையைக் கணித மொழியில், சராசரி வளைவு எங்கும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்று கூறலாம்.

கோளம் இந்நிபந்தனைக்கு உட்படுகிறது. நேரான உருளையும் உட்படுகிறது. ஆனால் உருளை வடிவான நீர்த்தாரை நெடுந்தூரம் உருளையாகவே நிலைப்பதில்லை. குழாயிலிருந்து மெல்லியதாக விழும் தாரை சற்றுத் தொலைவில் முடிச்சு முடிச்சாகப் பருத்துத் துளிகளாக அறுந்துவிடுகிறது. இரு வட்டத் தகடுகளுக்கு இடையே நிறுத்தப்பட்ட திரவ உருளையின் நீளம் அதன் சுற்றளவை மிஞ்சினால் அது உறுதியை இழந்துவிடும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு இவ்வெல்லை சுமார் 6.3 மில்லிமீட்டர் ஆகும். சமநிலை நிபந்தனை உருளையை ஏற்றுக்கொள்கிறது. உறுதி நிபந்தனையோ நீண்ட உருளையை விலக்கிவிடுகிறது.

திசைக்கு ஒரு சக்தி

படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக ஒழுங்குபட அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனை ஒரு திசையில் வெட்டினால் நெருக்கமாக அணுக்கள் நிறைந்த முகம் வெளிப்படும். வேறொரு திசையில் வெட்டினால் படிப்படியான முகம் வெளிப்படும். அறுபடும் பிணைப்புகளின் எண்ணிக்கை திசைக்குத் திசை வேறுபடுகிறது. எனவே 1 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு உரிய சக்தியும், அப்பரப்பு நோக்கும் திசையைப் பொறுத்து மாறுகிறது. இதுவே திசை சார்ந்த பரப்புச் சக்தி எனப்படும். இந்நிலையில் பரப்பளவு மட்டும் குறைந்தால் போதாது. சக்தி மிகுந்த முகங்கள் சிறுத்தும், சக்தி குறைந்த முகங்கள் பெருத்தும் இருத்தல் வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். சதுர அடியுள்ள ஒரு பெட்டியின் கன அளவு 2 கன சென்டிமீட்டர் என்க. அதன் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 2 அலகு சக்தியும், நான்கு பக்க முகங்களுக்கும் 1 அலகு சக்தியும் உண்டு என்க. பெட்டி கனசதுரமாக இருந்தால் அதன் விளிம்பு சுமார் 1.26 சென்டிமீட்டர், மொத்தச் சக்தி சுமார் 12.7 அலகு. அடியின் விளிம்பை 1 சென்டிமீட்டராகவும் உயரத்தை 2 சென்டிமீட்டராகவும் கொண்டால், மேல், அடி முகங்களுக்கு 4 அலகும் பக்கங்களுக்கு 8 அலகுமாக மொத்தம் 12 அலகே ஆகிறது. அடியை மேலும் சுருக்கி 0.8 சென்டிமீட்டர் ஆக்கினால் உயரம் 3.125 சென்டிமீட்டர் ஆகிச் சக்தி மீண்டும் 12.56 அலகாக உயர்கிறது. ஆகவே உயரம் அகலத்தைப் போல் இரு மடங்காக உள்ள பெட்டியே சிறந்தது.

இவ்விடையில் ஒரு விதி மறைந்திருக்கிறது. பெட்டியின் நடுப்புள்ளியிலிருந்து மேல்முகம் 1 சென்டிமீட்டர் தொலைவிலும், பக்கமுகம் 0.5 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. இத்தொலைவுகளின் விகிதம் 2:1. முகங்களின் சக்தி விகிதமும் அதுவே.

உல்ஃப் வகுத்த முறை

சமநிலையிலுள்ள படிகத்தின் வடிவைப் பரப்புச் சக்தியே தீர்மானிக்கிறது என்ற கருத்தை அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் 1870களிலும், பிரெஞ்சு விஞ்ஞானி பியர் க்யூரி 1885இலும் வெளியிட்டனர். மேலே கண்ட விகித விதியைப் பொதுவிதியாகக் கூறியவர் ருஷியப் படிகவியலறிஞர் உல்ஃப்; ஆண்டு 1901.

அவருடைய முறை வருமாறு: ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு, ஒவ்வொரு திசையிலும் அத்திசைக்குரிய பரப்புச் சக்தியின் அளவுக்கு ஒரு கோடு வரைக. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதற்குச் செங்குத்தாக ஒரு தளத்தை நிறுத்துக. ஒவ்வொரு தளத்துக்கும் மையப்புள்ளி இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை நீக்குக. எல்லாத் தளங்களும் நீக்கிய பின் எஞ்சும் உருவமே மிகக் குறைந்த சக்தியுள்ள உருவம். இது உல்ஃப் உருவம் எனப்படும். சக்தி எல்லாத் திசைகளிலும் ஒன்றாயின் எஞ்சுவது கோளம். ஆகவே நீர்த்துளியின் உருண்டையும் உல்ஃப் உருவங்களுள் ஒன்றே. சில திசைகளில் மட்டும் சக்தி கூர்மையாகக் குறைந்திருப்பின் தட்டையான முகங்கள் தோன்றுகின்றன.

உல்ஃப் தம் விதிக்கு முழுமையான நிறுவலைத் தரவில்லை. 1944இல் டிங்காஸ் என்பவர் அதனை நிறுவினார். 1970களில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜீன் டெய்லர் மிக விரிந்த வகையான உருவங்களுக்கும் அது பொருந்தும் எனக் காட்டினார்.

சமநிலையில் உள்ளவை எத்தனை?

மிகக் குறைந்த சக்தியுள்ள உருவம் எது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆனால் இயற்கையில் உள்ள ஒரு பரப்பு எல்லா உருவங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அது தன் அண்டையிலுள்ள சிறு மாறுதல்களையே அறியும். ஒரு மலைப்பகுதியில் மிகத் தாழ்ந்த பள்ளத்தாக்கைத் தவிர வேறு சிறு பள்ளங்களும் இருக்கக்கூடும். அவற்றிலும் குண்டு தங்கக்கூடும். அதுபோல, உல்ஃப் உருவம் அல்லாத வேறு மூடிய பரப்பும் உறுதியாக நிற்கக்கூடுமோ என்பது நியாயமான ஐயம்.

முதலில் திசை சாராத சக்தியைப் பற்றிய வரலாற்றைக் காண்போம். துளையில்லாத மூடிய பரப்பு ஒன்றின் சராசரி வளைவு எங்கும் ஒன்றாயின் அது கோளமே என்று ஹாப்ஃப் 1951இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத மூடிய பரப்புகளுக்கும் இம்முடிவு பொருந்தும் என்று 1950களின் பிற்பகுதியில் ருஷிய அறிஞர் அலெக்சாந்திரோவ் காட்டினார். இவ்விரு கட்டுப்பாடுகளையும் நீக்கினாலும் கோளம் ஒன்றுதானா என்ற கேள்வி நெடுங்காலம் நிலவியது. 1986இல் அமெரிக்க அறிஞர் வென்டே வெளியிட்ட எடுத்துக்காட்டு அதற்கு இல்லை என்று விடை கூறியது. வளையம் போன்ற அப்பரப்பு தன்னைத்தானே வெட்டிச் செல்கிறது. எனினும் அதன் சராசரி வளைவு எங்கும் ஒன்றே. ஆகவே சமநிலை நிபந்தனை மட்டும் கோளத்தைத் தனித்துக் காட்டுவதில்லை.

உறுதி நிபந்தனையோ அதனைத் தனித்துக் காட்டுகிறது. பிரேசில் நாட்டுக் கணித அறிஞர்களான பார்போசாவும் டூ கார்மோவும் 1984இல் நிறுவிய தேற்றம் இது: சராசரி வளைவு எங்கும் ஒன்றாக உள்ள மூடிய பரப்பு, கன அளவை மாற்றாத எல்லாச் சிறு மாறுதல்களுக்கும் எதிராக உறுதியுடன் நிற்குமாயின், அது கோளமே. இத்தேற்றம் மூன்று பரிமாண வெளியில் மட்டுமன்றி, அதற்கு மேற்பட்ட பரிமாணங்களுள்ள வெளிகளில் அமையும் பரப்புகளுக்கும் பொருந்துகிறது.

உறுதியைச் சோதிக்கும் முறை

இத்தேற்றத்தை நிறுவும் வழிகளுள் ஒன்று மிக எளிது. சமநிலையிலுள்ள பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே சிறு தொலைவு வெளிநோக்கித் தள்ளுக. கன அளவு சற்றுக் கூடிவிடும். பிறகு உருவம் முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்கிப் பழைய கன அளவுக்குக் கொண்டுவருக. இவ்விரு செயல்களின் முடிவில் பரப்பளவு கூடியதா, குறைந்ததா என்று கணக்கிடுக.

தள்ளும்போது ஒவ்வொரு சிறு பகுதியும் அதன் இரு வளைவுகளுக்கு ஏற்ப விரிகிறது. சுருக்கும்போது சராசரி வளைவுக்கு ஏற்பக் குறைகிறது. முதற்படியில் கூடுதலும் குறைவும் சரியாக ஈடுசெய்துகொள்கின்றன. சமநிலை என்பதன் பொருளே அதுதான். அடுத்த படியில் எஞ்சுவது, இரு வளைவுகளின் பெருக்கற்பலனுக்கும் சராசரி வளைவின் வர்க்கத்துக்கும் உள்ள வேறுபாடு. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் சராசரியின் வர்க்கத்தை ஒருபோதும் மிஞ்சாது என்பது பள்ளிக் கணக்கு. 3, 5 என்ற எண்களின் பெருக்கற்பலன் 15. சராசரியாகிய 4இன் வர்க்கம் 16. இரு எண்களும் சமமானால் மட்டுமே இவை ஒன்றாகும்.

ஆகவே ஏதேனும் ஓரிடத்தில் இரு வளைவுகளும் வேறுபட்டிருந்தால், மேற்கூறிய செயல் பரப்பளவைக் குறைத்துவிடும்; பரப்பு உறுதியற்றது என்பது வெளிப்பட்டுவிடும். உறுதியான பரப்பில் எல்லா இடங்களிலும் இரு வளைவுகளும் சமமாதல் வேண்டும். அத்தகைய மூடிய பரப்பு கோளம் ஒன்றே. வென்டேயின் வளையம் இச்சோதனையில் தோல்வியுறுகிறது.

திசை சார்ந்த சக்திக்கும் இதே வழி பயன்படுகிறது. ஆனால் புள்ளிகளை ஒரே தொலைவு தள்ளுவதில்லை. படிகப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எத்திசையை நோக்குகிறதோ, உல்ஃப் உருவத்தில் அதே திசையை நோக்கும் புள்ளியின் நிலைக்கு ஏற்ப அதனைத் தள்ள வேண்டும். சாதாரண வளைவுகளுக்குப் பதிலாக, உல்ஃப் உருவத்தின் வளைவோடு ஒப்பிட்டு அளந்த வளைவுகளைக் கொள்ள வேண்டும். எஞ்சிய கணக்கு மாறுவதில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் பென்னட் பாமர் 1998இல் வெளியிட்ட தேற்றம் இதன் முடிவைத் தருகிறது: திசை சார்ந்த சக்தியின் கீழ்ச் சமநிலையிலுள்ள மூடிய பரப்பு உறுதியுடன் நிற்குமாயின், அது அளவில் பெருத்தோ சிறுத்தோ அமைந்த உல்ஃப் உருவமே. அலெக்சாந்திரோவின் முடிவுக்கு இணையான தேற்றத்தை 2009இல் சீனக் கணித அறிஞர் நால்வர் நிறுவினர்.

குவிவு நிபந்தனையின் பொருள்

இத்தேற்றங்கள் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. சக்தி திசையோடு மென்மையாக மாற வேண்டும். அதிலிருந்து பெறும் உல்ஃப் உருவம் எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிக் குவிந்திருக்க வேண்டும். இந்நிபந்தனை இருந்தால்தான் ஒப்பீட்டு வளைவுகள் மெய்யெண்களாக அமைந்து, மேலே கூறிய வர்க்கக் கணக்கு செல்லும்.

நிபந்தனை தவறினால் நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கனசதுர முகங்களுக்கு 45 டிகிரி சாய்வாக ஒரு படிகத்தை வெட்டி, சமதளமான முகம் ஒன்றை உண்டாக்குவதாகக் கொள்வோம். அச்சமதளத்துக்குப் பதிலாக இரு கனசதுர முகங்களாலான ரம்பப் பற்கள் போன்ற பரப்பு அமைந்தால் பரப்பளவு 1.414 மடங்காகிறது. சாய்ந்த முகத்தின் சக்தி கனசதுர முகத்தின் சக்தியைப் போல் 1.414 மடங்குக்கு மேற்பட்டதாயின், பரப்பளவு கூடியும் மொத்தச் சக்தி குறைந்துவிடும். அத்தகைய முகம் சூடாக்கப்படும்போது வரப்பும் பள்ளமுமாக மாற முற்படும். இந்நிகழ்ச்சியின் விதிகளை அமெரிக்க விஞ்ஞானி ஹெர்ரிங் 1951இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

படிகங்களைக் காட்டும்போது கருத வேண்டியவை

உப்பு மணியின் கனசதுரம் உல்ஃப் விதிக்கு நேரான சான்று என்று மாணவர்களிடம் கூறிவிடுதல் சரியன்று. கரைசலில் வளரும் படிகத்தின் வடிவை, முகங்கள் வளரும் வேகமும் தீர்மானிக்கிறது. விரைந்து வளரும் முகம் நாளடைவில் மறைந்துபோகும். மெல்ல வளரும் முகமே எஞ்சும். உப்புநீர் விரைந்து வற்றும்போது அதன் மேற்பரப்பில் உட்குழிந்த கூம்பு போன்ற உப்பு மணிகள் மிதப்பதைக் காணலாம். இவை சமநிலை வடிவங்கள் அல்ல. சூழ்பொருளும் வடிவை மாற்றும். யூரியா கலந்த கரைசலில் உப்பு எண்முகப் படிகமாக வளர்கிறது. சிறுநீரில் வளரும் உப்பு இவ்வடிவு கொள்வதைப் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல் 1783இலேயே குறித்திருக்கிறார். தூய நீரில் படிகாரம் எண்முகப் படிகங்களாகவும், உப்பு கனசதுரங்களாகவும் வளர்வதை அருகருகே காட்டி, முகங்கள் திசையைப் பொறுத்து வேறுபடும் என்பதை மட்டும் முதலில் உணர்த்தலாம்.

உண்மையான சமநிலை வடிவைக் காண வேண்டுமாயின் படிகம் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். அணுக்கள் இடம் பெயரப் போதிய வெப்பமும் நேரமும் கிடைத்தல் வேண்டும். 1964இல் தங்கம், வெள்ளி, செம்பு, நிக்கல் ஆகியவற்றின் நுண்துகள்களைக் கொண்டும், 1980களில் ஈயத்தின் நுண்துகள்களைக் கொண்டும் இத்தகைய அளவீடுகள் செய்யப்பட்டன. மிகக் குளிர்ந்த திட ஹீலியம் இதற்கு விலக்கு. திரவ ஹீலியத்தோடு சேர்ந்திருக்கும் அதன் படிகம் மில்லிமீட்டர் அளவிலும் விரைவில் சமநிலை வடிவை அடைகிறது, சுமார் 1.3 கெல்வினுக்குக் கீழே குளிரும்போது வளைந்த பரப்பில் தட்டை முகம் தோன்றுகிறது.

பயனும் எல்லையும்

மூடிய பரப்புக்கு உரிய தேற்றத்தை விளிம்புகளில் கட்டுண்ட பரப்புக்கு அப்படியே கொள்ளுதல் ஆகாது. குட்டையான திரவ உருளை தகடுகளுக்கு இடையே உறுதியாக நிற்பதை முன்னரே கண்டோம். திண்மக் கம்பிகளும் போதிய வெப்பத்தில், உருகாமலே, துளித்துளியாக அறுந்துவிடக்கூடும். திசை சார்ந்த சக்தி இவ்வறுபடுதலைச் சில சமயம் தடுக்கும், சில சமயம் விரைவுபடுத்தும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி கான் 1979இல் ஆராய்ந்தார். மின்னணுக் கருவிகளில் பயன்படும் மெல்லிய உலோகப் படலங்களும் நுண்கம்பிகளும் சூட்டில் சிதையாமல் நிலைப்பதற்கு இவ்வறிவு தேவைப்படுகிறது. வினையூக்கிகளாகப் பயன்படும் உலோகத் துகள்களில் எந்த முகங்கள் வெளிப்பட்டு நிற்கும் என்று மதிப்பிடுவதற்கும் உல்ஃப் உருவமே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

ஆசிரியர்கள் இப்பொருளைக் கற்பிக்கையில் மூன்று வினாக்களைத் தனித்தனியே வைத்து விளக்குதல் நன்று. மிகக் குறைந்த சக்தியுள்ள உருவம் எது? சமநிலையில் நிற்கக்கூடிய உருவங்கள் எவை? அவற்றுள் சிறு அசைவைத் தாங்கி நிலைப்பவை எவை? பொதுவாக இவற்றுக்கு வெவ்வேறு விடைகள் உண்டு. மூடிய பரப்பும் குவிந்த சக்தியும் அமைந்த இடத்தில் முதல் வினாவின் விடையும் மூன்றாம் வினாவின் விடையும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே இத்தேற்றத்தின் சாரம். எண்ணெய்க் கோளம், அறுந்து விழும் நீர்த்தாரை, 12 அலகுப் பெட்டிக் கணக்கு ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் காட்டினால், உயர் கணிதம் பயிலாத மாணவர்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வர்.